இரண்டு ஃபெல்

லாரி முதலாளி அழகருக்கு, தன் இரண்டாம் தாரம் கண்ணம்மாள் மில் அதிகாரிகளின் மனைவிமாரோடு நாலு வார்த்தை இங்கிலீஷில் பேச வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் 1958இல் செபாஸ்தியம்மாள் டீச்சர் சனிக்கிழமைதோறும் அந்த மாடி வீட்டுக்குப் போய் வந்தார். முதல் தாரம் மாயம்மாள் அந்த மாடியிலிருந்து விழுந்து செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்குப் பாடம் இரண்டு வினைச்சொற்கள்.

“ஃபால்னா தானா விழுறது. நேத்து விழுந்தான்னா ஃபெல். ஆனா ஃபெல்னு தனியாவே இன்னொரு வினை இருக்கு. அது வெட்டிச் சாய்க்கிறது. இறந்தகாலம் ஃபெல்டு. யாரைச் சாய்ச்சான், எதைச் சாய்ச்சான்னு கூடவே சொல்லணும்.”

“மரத்துக்கு மட்டுந்தானா டீச்சர்? மனுசருக்கு வராதா?”

“அடிச்சுச் சாய்ச்சா வரும்.”

கண்ணம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள்: ‘ஹி ஃபெல்டு மாயம்மாள்.’

செபாஸ்தியம்மாள் குரலைத் தாழ்த்தினார். “தெரிஞ்சுதான் எழுதுறியா?”

“முன்னால இங்க வேலை பாத்த ஒச்சாயி கண்ணால பாத்துருக்கா. இந்த வாரம் என்னையவும் ரெண்டு தடவை மாடிக்குக் கூப்பிட்டாரு டீச்சர்.”

அதற்குள் அழகர் வந்து நோட்டை எடுத்தார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவர்தான். ஆனால் அந்தப் பேரின் எழுத்துகள் அவருக்கு அடையாளம் தெரியும். முதல் லாரியின் நெற்றியில் அதைத்தான் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்.

“மாயம்மா பேரு எதுக்கு இதுல?”

“விழுந்தாள்னு எழுதியிருக்கா,” என்றார் டீச்சர்.

“விழுந்தா. அம்புட்டுத்தானே?”

“அம்புட்டுத்தான்.”

தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “மில் மேனேஜர்கிட்டக் காட்டுறேன். அவரும் வாசிச்சுச் சொல்லட்டும். செத்த நேரத்துல வாரேன்.”

அவர் கார் தெருமுனை திரும்பியதும் செபாஸ்தியம்மாள் கண்ணம்மாளின் கையைப் பிடித்தார். செருப்புகூட மாட்டாமல் இருவரும் பின்வாசல் வழியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். நெய்க்காரப்பட்டியில் கண்ணம்மாளின் அண்ணன் மலைச்சாமி வீட்டில் அவளை விட்டுவிட்டு டீச்சர் மட்டும் திரும்பினார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் எதிரே அழகர்.

“அவ எங்க?”

“சொல்ல மாட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே தெருவை எட்டிப் பார்த்தார். “நீங்களும் மாடியிலதான் குடியிருக்கீங்க போல,” என்று சொல்லிவிட்டு நிதானமாக இறங்கிப் போனார்.

செபாஸ்தியம்மாள் அன்று பூசைக்குப் போகவில்லை. ஒச்சாயியைத் தேடிக் கண்டுபிடித்தார். முதலில் சாட்சி சொல்லவே மாட்டேன் என்று அழுத ஒச்சாயி, கண்ணம்மாளின் நிலைமையைக் கேட்டதும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனில் இருவரும் வாக்குமூலம் கொடுத்தார்கள். சாயங்காலமே அழகரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒரே மாதத்தில் ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு முடிகிறவரை செபாஸ்தியம்மாள் பள்ளிக்கூடப் படியேறும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஏறினார்.