குறைந்துபோன மரியாதை

தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி மறுபடியும் நழுவியது. "செத்தும் வாய மூட மாட்டேங்குதே" என்று முணுமுணுத்தபடி சித்ரகலா புருசனின் உச்சந்தலையில் முடிச்சை இழுத்துப் போட்டாள்.

"மெதுவாங்க அண்ணி, அண்ணனுக்கு வலிக்கப்போகுது" என்றாள் நாத்தனார் கமலாம்பாள்.

ஆமாம், வலிச்சுக் கிழிச்சது.

அந்த வாய் லேசுப்பட்டதா? ஒரு காலத்தில் ஆறுச்சாமி பனியன் கம்பெனி கேட்டில் நின்று பேசினால் நல்லூரே வேலையை நிறுத்தும். அந்தப் பேச்சுக்குத்தான் அவளும் கழுத்தை நீட்டினாள். ஒரு ஸ்ட்ரைக்கில் அவர் ஜெயிலில் கிடக்கும்போதே, கூட நின்றவர்கள் பின்வாசல் வழியாக வேலைக்குப் போய்விட்டார்கள். "இவனுகளுக்கா தொண்டை கிழியக் கத்துனேன்?" என்றார். அதோடு சரி. வெறுத்துப்போன மனுசன் சும்மா ஒரு மூலையில் கிடந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இவர் நேராக முதலாளி வாசலில் போய் நின்றார். முதலில் போனஸ் கேட்டவர்களைக் காட்டிக்கொடுத்தார். அப்புறம் லேபர் காண்ட்ராக்டர் ஆகி, தெற்கத்திப் பெண்பிள்ளைகளை வேனில் கொண்டுவந்து இறக்கினார். மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை. "வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா கண்ணு." த்தூ! கசாப்புக்கடைக்காரன் ஆட்டைத் தடவிக்கொடுக்கிற மாதிரி.

"தங்கமான மனுசனுங்க" என்று பந்தலில் டீயை உறிஞ்சியபடி சொன்னார் கம்பெனி மேனேஜர் மயில்சாமி. வாய் கூசவில்லை.

அப்போதுதான் கருத்தம்மா வந்தாள். மகள் நதியாவை ஆறுச்சாமியை நம்பி சாயப்பட்டறை வேலைக்கு அனுப்பியவள். பிள்ளை எவனோடோ ஓடிப்போய்விட்டது என்று அவர் சொன்னதை நம்பி, திரும்பி வந்தால் வீடு தெரியாமல் நிற்கக் கூடாதென்று வாடகை ரூமைக்கூட மாற்றாமல் காத்திருக்கிறவள்.

"அண்ணே! எம் மகளத் தேடித் தாரேன்னு சொன்னீகளே! இனி எனக்கு யாரு இருக்கா?"

போன வாரம், காமாலையில் படுத்திருந்தாலும் நல்ல நினைவோடுதான், கஞ்சிக்கு உப்புப் பத்தலை என்று சொன்ன அதே குரலில் அந்தப் பிள்ளை கதையைச் சித்ரகலாவிடம் சொல்லியிருந்தார் ஆறுச்சாமி. இப்போது அவள் வாயைத் திறந்தால் போலீஸ் வரும், அதே முதலாளியிடம் இருக்கிற மகன் செந்தில்வேலின் வேலையும் போகும். திறக்காவிட்டால் இந்தப் பொம்பளை சாகிறவரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். கருத்தம்மா கை நிறைய அள்ளிக்கொண்டு குனிந்தாள். சித்ரகலா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடாதீங்க அக்கா. உங்க பொண்ணு ஓடிப்போகலைங்க. பட்டறைக் கழிவுத் தொட்டியில விழுந்து செத்துட்டா. பெருமாநல்லூர்ச் சுடுகாட்டுல அனாதைப் பொணம்னு பொதச்சுப்போட்டு, இவன் பொய் சொல்லீட்டான்."

"ஐயோ, கட்டின புருசனப் போயி அவன் இவன்ங்கறீங்களே அண்ணி!" என்று நெஞ்சில் கைவைத்தாள் கமலாம்பாள். ஆளாளுக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். பொணத்தை வைத்துக்கொண்டு இப்படியா, நாக்கு அழுகாதா என்றார்கள். அட நாசமாய்ப்போன சனமே! செத்த பிள்ளையைப் பற்றி ஒருத்தர் கேட்கவில்லை. மயில்சாமி போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். செந்தில்வேல் அம்மா பக்கம் திரும்பவேயில்லை.

கருத்தம்மா அழவில்லை.

"எந்தச் சுடுகாடு?"

"ஓடைக்கரையில இருக்கறதுங்க அக்கா."

கையிலிருந்த அரிசியை ஒரு மணி சிந்தாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, பெருமாநல்லூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.