திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பள்ளிக்கூடம்

புதுப் பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வந்த கட்டிடக்கலைஞர் அதினா கேட்டபோது பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. நாரின் மலைப்பக்கத்து அந்த ஊரில் பிள்ளைகளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில் எட்டாம் வகுப்பு அருக்கேதான் எழுந்தாள்.

"உள்ளேயே கழிப்பறை வேணும் அக்கா. இப்ப இருக்கறது மைதானத்துக்கு அந்தப் பக்கம். பனியில போயிட்டு வர்றதுக்குள்ள உசிரு போயிடும். அதுக்குப் பயந்தே பொண்ணுங்க யாரும் காலையில டீ குடிக்கிறதில்ல."

பையன்கள் சிரித்தார்கள்.

"உங்களுக்கென்னடா, எந்தச் சுவர் கிடைச்சாலும் போதும்," என்றாள் அருக்கே.

தலைமையாசிரியை சைக்கலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது சுட்டது. இத்தனை வருடம் அந்தப் பள்ளியை நடத்தியும், பெண்பிள்ளைகள் தொண்டை காய்ந்து வந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

அதினா பிள்ளைகளைக் கொண்டே தரையில் சுண்ணாம்புக் கோடு போட வைத்தாள். தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளத் தடித்த மண்சுவர். சின்னப் பிள்ளைகள் அதில் சாய்ந்து படிக்க ஒரு மேடை. உள்ளேயே கழிப்பறை.

"நிலக்கரி பாதிகூட ஆகாது டீச்சர்," என்றாள். "ஆனா ஆள் புழங்கணும். ராத்திரிக்கு அடுப்பு கொஞ்சமாவது எரியணும். பூட்டிப் போட்டா விறைச்சுப்போயிடும்."

இலையுதிர் காலத்தில் வேலை முடிந்தது. பார்க்க வந்த மாவட்டக் கல்வி அதிகாரி கதீர்குலுக்கு வாயெல்லாம் பல்.

"மாவட்டத்துக்கே மாதிரிப் பள்ளி இது. தலைநகர்லேருந்து பெரியவங்க வந்து ரிப்பன் வெட்டட்டும். அதுவரைக்கும் யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது. தரை அழுக்காயிடும்."

"எப்ப வருவாங்க?" என்று கேட்டாள் சைக்கல்.

"வருவாங்க."

முதல் பனி விழுந்தது. பெரியவர்கள் வருவதாக ஒரு தேதி சொன்னார்கள். தாய்மார்கள் மாவு பிசைந்து எண்ணெயில் பொரித்து எடுத்தார்கள். பிள்ளைகள் விழா உடையில் குளிரில் நின்று வரவேற்புப் பாட்டுப் பாடிப் பழகினார்கள். கணவாயில் பனி மூடிவிட்டது, யாரும் வரவில்லை. இன்னொரு தேதி. அன்று பெரியவர் வெளிநாட்டில். பழைய கட்டிடத்தில் கரிப்புகைக்குள் பாடம் நடந்தது. இடைவேளையில் பிள்ளைகள் புதுப் பள்ளியின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்துவிட்டு வந்தார்கள்.

சைக்கல் விடாமல் கதீர்குலுக்கு ஃபோன் செய்தாள். "கழிப்பறையை மட்டுமாவது திறந்து விடட்டுமா சார்?"

"நல்லாயிருக்கே. அதைத்தானே முதல்ல காட்டப்போறோம்."

சாவி அவளுடைய கோட்டுப் பையில்தான் கிடந்தது. எத்தனையோ முறை கையில் எடுத்தாள். வேலை போய்விடும் என்ற நினைப்பு வரும். திரும்பப் பையில் போடுவாள்.

கடுங்குளிரில் அருக்கே காய்ச்சலில் விழுந்தாள். சிறுநீரகத்தில் சீழ் வைத்துவிட்டது என்றார்கள். பிழைத்துவிட்டாள், ஆனால் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய அம்மாதான் புத்தகங்களைத் திருப்பித் தர வந்தாள்.

"அண்ணன் வீட்டுல விட்டிருக்கேன், பிஷ்கேக்ல. அங்க ஸ்கூலுக்குள்ளேயே எல்லாம் இருக்காம்." புத்தகங்களை மேசையில் அடுக்கினாள். "நீங்க நல்ல மனுஷிதான் டீச்சர். சாவியும் உங்ககிட்டதான் இருந்துச்சு."

மறுநாள் காலை சைக்கல் யாரையும் கேட்காமல் போய்ப் புதுப் பள்ளியின் கதவைத் திறந்தாள்.

தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்திருந்தன. தரை முழுக்கப் பனிக்கட்டி. ஊறிய மண்சுவர் அடியிலிருந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது.

விசாரிக்க ஒரு குழு வந்தது. "மண்ணு, கண்ணாடி, இதெல்லாம் நம்ம குளிருக்கு ஆகாது. வடிவமைப்பே தப்பு," என்றார் கதீர்குல்.

"பூட்டி வச்சதாலதான் சார் இப்படி ஆச்சு. நீங்கதானே பூட்டச் சொன்னீங்க," என்றாள் சைக்கல்.

"நான் எழுதியா கொடுத்தேன்?"

அதினா தலைநகரிலிருந்து ஓடி வந்தாள். வெயில் எந்தப் பக்கம் விழும், தண்ணீர் எங்கே ஓடும் என்று படம் போட்டுக் காட்டினாள். குழுவினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரில் ஏறின பிறகு அதினா அழுதாள். சைக்கல் பக்கத்தில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

வசந்தத்தில் கொத்தனார்கள் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளிச்சத்துக்குச் சின்னச் சின்ன ஜன்னல்கள். புதிதாக ஒரு கரி கொதிகலன். குழாய் மறுபடி போடப்படவில்லை. கழிப்பறையில் துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் சேர்ந்தன. விழா எதுவும் இல்லாமல் பிள்ளைகள் உள்ளே குடிபோனார்கள்.

இடைவேளையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்பு கண்ணாடி இருந்த இடத்துச் செங்கல் சுவரில் வெளிப்பக்கமாக முதுகைச் சாய்த்து வரிசையாக நின்றார்கள். வெயில் அங்கேதான் இருந்தது.

"டீச்சர், இங்கதான் கதகதப்பா இருக்கு. இங்கேயே பாடம் நடத்துங்களேன்," என்றாள் ஒரு சிறுமி.

சைக்கலும் சற்று நேரம் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

"மணி அடிச்சாச்சு," என்றாள் பிறகு. "உள்ள போங்க."