மே பதினேழு ஊர்வலம்

மே பதினேழு அன்று ஒஸ்லோவில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் குறைவு. யோகராணி அந்தச் சிலரில் ஒருத்தி. நோர்வேயின் தேசிய நாள், பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். அவளுக்கோ வருடாவருடம் அன்று தலையிடி. மறுநாள் முள்ளிவாய்க்கால் நினைவுநாள், அதனால் மனம் சரியில்லை என்று கணவர் தில்லைநாதன் கேட்பவர்களுக்கெல்லாம் சமாதானம் சொல்லிவிடுவார்.

உண்மை வேறு. 2009 மே பதினேழில், புதுப்பெண்ணாக வந்திருந்த யோகராணி இதே ஊர்வலத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பாண்ட் வாத்திய முழக்கத்தில் கைப்பைக்குள் போன் மூன்று தரம் அடித்தது கேட்கவில்லை. வன்னியிலிருந்து அண்ணன். அவள் திருப்பி அழைத்தபோது இணைப்பு இல்லை. அதன்பிறகு அண்ணனும் இல்லை. அண்ணனிடமிருந்து அழைப்பே வரவில்லை என்று தாயிடம் சொன்னாள். அது பொய் என்று இன்றுவரை எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்த வருடம் மகள் துஷ்யா பள்ளிக்கூடக் கொடியைப் பிடித்து முன்னால் நடக்கிறாள். ஏழாம் வகுப்பு, இதோடு அந்தப் பள்ளியும் முடிகிறது. காலையில் அவள் கெஞ்சவில்லை, கோபிக்கவுமில்லை.

"நீங்கள் வராட்டில் இனி உங்களை ஒண்டுக்கும் கூப்பிடமாட்டன், அம்மா."

சப்பாத்தைக் கட்டியபடி சொல்லிவிட்டுத் தகப்பனோடு போய்விட்டாள். அந்த நிதானம்தான் யோகராணியை எழுப்பிச் சேலை உடுத்த வைத்தது.

வீட்டுக்குப் பக்கத்து ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் ரயில் ஏறி அவள் நகரத்துக்கு வந்து சேர, அந்தப் பள்ளியின் முறையும் வந்துவிட்டது. முன்னால் நாலு வரிசைச் சனம். முதல் மேளம் அதிர்ந்ததும் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. அதற்குள் கொடி தெரிந்தது. கொடிக்குக் கீழே துஷ்யா, இரண்டு பக்கமும் முகம் முகமாகத் தேடிக்கொண்டு வந்தாள். யோகராணி பெயர் சொல்லிக் கத்தினாள். மேளத்தில் அது எடுபடவில்லை. பிள்ளை கடந்து போனாள். இப்போது தேடுவதை விட்டுவிட்டு நேரே பார்த்து நடந்தாள்.

இனி என்ன வெட்கம்? யோகராணி ஆட்களை இடித்துக்கொண்டு, தடுப்புக் கயிற்றுக்குக் கீழே குனிந்து, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஊர்வலத்துக்குள் ஓடி மகளின் முழங்கையைப் பிடித்தாள். துஷ்யா திடுக்கிட்டாள். கொடி ஒரு பக்கம் சரிந்தது.

"அம்மா, இஞ்சை வரக்கூடாது. ஏன் அழுறீங்கள்?"

யோகராணி நடந்தபடியே அவள் காதோடு வாயை வைத்தாள்.

"மாமா கடைசியா எனக்குப் போன் எடுத்தவர். இந்த மேளத்திலை எனக்குக் கேக்கேல்லை, பிள்ளை."

துஷ்யா சரிந்த கொடியை நிமிர்த்தினாள். ஊர்வலக் காவலர் ஓடிவந்து யோகராணியின் தோளைத் தொட்டபோது, தாயின் கையை இழுத்துக் கொடிக்கம்பில் தன் கைக்கு மேல் வைத்தாள். அம்மா என்னோடுதான் நடக்கிறார் என்று அவருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.