தங்கூசியில் கிட்டார் வாசிக்க முடியாது

எங்கள் பங்குக் கோயில் மண்டபத்து வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸை மூன்று தடவை படித்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எதையும் ஒரு தடவையில் நம்புவதும் கிடையாது. மூன்றாவது தடவையும் அதே பொய்தான் இருந்தது.

‘நம் கடற்கரையின் மறக்க முடியாத பத்து கிட்டார் சோலோக்கள்’ என்று மேலே கொட்டை எழுத்து. பாடுகிறவன் வாயை மூடியதும் எலக்ட்ரிக் கிட்டார் தனியாக நின்று பேசுமே, அதுதான் சோலோ. திருவிழாவுக்காக இளைஞர் குழு தேர்ந்தெடுத்ததாம். முதல் இடம், எண்பத்தாறாம் வருஷம் நாங்கள் போட்ட மாதா கேசட்டின் மூன்றாவது பாட்டு. அதற்குக் கீழே ஒரே வரி: ‘கிட்டார்: அமரர் ஜெரால்டு. கம்பி அறுந்தபோதும் கலங்காமல் தங்கூசியை மாட்டி வாசித்த மாமேதை.’

அந்த சோலோவை வாசித்தவன் நான். மனுவேல். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவன். இன்னும் சாகவில்லை, முத்தையாபுரத்தில்தான் குடியிருக்கிறேன். கேட்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

ஜெரால்டைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டைக் கட்டியது அவன்தான். ஆர்மோனியத்தில் உட்கார்ந்தான் என்றால் கோயில் தூண்கூடத் தலையாட்டும். ஆனால் கிட்டாரை அவன் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்பான். அதுவும் தங்கூசியாம்! வலைக்குப் போடுகிற நைலான் இழையைக் கிட்டாரில் மாட்டினானாம்!

மீதி ஒன்பதையும் படித்தேன். அதில் மூன்று ரெக்சனுடையது. ரெக்சன் ஜெரால்டின் மகன், இளைஞர் குழுவின் தலைவன், நாற்பத்தைந்து வயது இளைஞன். அவன் வாசித்தால் நிமிஷத்துக்கு எத்தனை ஸ்வரம் என்று எண்ணலாம். வீட்டுக்குப் போகும்போது மனசில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது இடம், வேம்பார்க் கல்யாணம் ஒன்றில் யாரோ ஆறு நிமிஷம் வாசித்தது. அந்தக் கல்யாணத்தில் நானும் இருந்தேன். மூன்றாவது நிமிஷத்திலேயே பந்தியில் இடம் பிடிக்க எழுந்து போய்விட்டோம்.

பெர்சி என்று எங்கள் காலத்துக் கிட்டார்க்காரன், அவனை ஒன்பதாவது இடத்தில் போட்டிருந்தார்கள். ஆலந்தலைத் திருவிழாவில் பெர்சி சோலோவில் இருக்கும்போது ஜெனரேட்டர் இரைத்தது. விளக்கு மங்கியது. கிட்டார் சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. டிரம்ஸ்காரன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். பெர்சி கையை நிறுத்தவில்லை, சத்தமே இல்லாமல் வாசித்துக்கொண்டு நின்றான். ஜெனரேட்டர் மறுபடி பிடித்தபோது பாட்டு எங்கே வந்திருக்க வேண்டுமோ அங்கே வந்திருந்தது. முப்பது வருஷம் கழித்தும் ஆலந்தலைக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். அதற்கு ஒன்பதாவது இடம்.

வீட்டுக்கு வந்து பிளாரன்ஸிடம் சொன்னேன். அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“செத்துப்போன மனுஷன் பேருதான போட்டிருக்கு? போட்டுட்டுப் போகட்டும். உமக்கு இந்த வயசுல என்ன மாலையா விழப்போவுது?”

“நான் சாகலயே! எம் பேரு எங்க போச்சி?”

“கத்தாதேயும். நீரு வாசிச்சதுக்கு என்ன சாட்சி இருக்கு? கேசட் அட்டையில ‘இசை: ஜெரால்டு’ன்னுதான் இருக்கு. அன்னைக்கி அட்டைய அச்சடிக்கும்போது வாய மூடிக்கிட்டுதான இருந்தீரு?”

அவள் சொன்னது நிஜம். எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம். இவளே சாட்சி கேட்கிறாள்.

பரணில் என் மச்சான் போட்டுவைத்த வலைச் சாமான் இருந்தது. அதிலிருந்து தங்கூசிச் சுருள் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் நாலு மணி. மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்தது. இருபது முப்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஜெரால்டு படத்துக்கு மாலை. விஜிலா என்று ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறவள், கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டின் சோலோதான். கை சுத்தம். ஆனால் உச்சிக்குப் போகிற இடம் வெறும் ஸ்வரமாக வந்தது, எங்கள் கேசட்டில் வருகிறதுபோல வரவில்லை.

“ஏலே ரெக்சா” என்றேன். “வெளிய என்னலே எழுதி வச்சிருக்க?”

ரெக்சன் கும்பிட்டான். மேடையில் ஏறியவர்கள் கும்பிடுவதைப்போலக் கும்பிட்டான். “வாங்க மாமா. உக்காருங்க. நாளைக்கு அப்பாவுக்கு மரியாத பண்ணுதோம். நீங்களும் ரெண்டு வார்த்த பேசணும்.”

“அத வாசிச்சது நான்லே.”

“மாமா, நீங்க பின்னால ரிதம் கிட்டாருதான வாசிச்சீங்க? சோலோ அப்பா வாசிச்சாவ. தங்கூசி கதையெல்லாம் எங்க வீட்டுல சின்னப் புள்ளையிலேருந்து கேட்டிருக்கோம்.”

“கத! கரெக்டா சொல்லிட்ட!”

நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரெக்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப ஒண்ணு செய்வோம் மாமா. விஜிலா, கிட்டார மாமாட்ட குடு. வாசிச்சுக் காட்டட்டும்.”

சொன்னவன் என் இடது கையைப் பார்த்தான். தெரிந்துதான் பார்த்தான். தொண்ணூற்றொன்றில் ஒரு கப்பலின் இரும்பு வடம் என் ஆள்காட்டி விரலைக் கொண்டுபோனது ஊருக்கெல்லாம் தெரியும். அன்றிலிருந்து நான் கிட்டாரைத் தொடவில்லை. வாசிக்க முடியாதவனைப் பார்த்து வாசி என்கிறான். கோயில் மண்டபத்தில் வைத்து, தகப்பன் படத்துக்கு முன்னால்.

வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன். பையிலிருந்து தங்கூசிச் சுருளை எடுத்து மேடையில் வைத்தேன்.

“நான் வாசிக்கண்டாம். உங்கப்பன் வாசிச்ச மாதிரி நீ வாசி. முதல் கம்பியக் கழத்திட்டு இத மாட்டு.”

ரெக்சன் தயங்கினான். கூட்டத்தில் ஒருத்தர், “மாட்டும் வே, பாப்போம். வலையில மீனு விழுதான்னு” என்றார். விஜிலா கம்பியைக் கழற்றிவிட்டாள். கம்பி நுனியில் இருக்கும் குண்டை எடுத்துத் தங்கூசியில் கோத்து நானே முடிச்சுப் போட்டேன். நாலு விரல் கையானாலும் முடிச்சு போடத் தெரியும். அவள் முறுக்கி இழுத்துக் கட்டினாள்.

“இப்ப தட்டு.”

தட்டினாள். ஆம்ப்ளிஃபயர் பெட்டி ‘ம்ம்ம்’ என்று மாடு மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினாள். விரல் அசைகிறது, இழை அதிர்கிறது, பெட்டி வாயைத் திறக்கவில்லை. ரெக்சன் போய்ச் சத்தத்தைக் கூட்டினான். உறுமல்தான் கூடியது.

“ஒயர் விட்டுப்போயிருக்கும்” என்றான்.

“ரெண்டாவது கம்பியத் தட்டு தாயி.”

தட்டினாள். மண்டபம் அதிர்ந்தது, ஒரு குழந்தை அழுதது.

“ஒயர் நல்லாத்தான் இருக்கு” என்றேன். “கம்பிக்கு அடியில இருக்கது காந்தம்லே. இரும்பு ஆடுனாத்தான் அதுக்குத் தெரியும். நைலான் ஆடுனா காந்தத்துக்கு என்ன தெரியும்? எலக்ட்ரிக் கிட்டாருல தங்கூசிய மாட்டுனா ஊமதான். இதக்கூட யோசிக்காம ஃப்ளெக்ஸ் அடிச்சிருக்கிய. இத்தன பேரு கிட்டார் வாசிக்கீங்க, ஒருத்தனாவது மாட்டிப் பாத்தீங்களாலே?”

ரெக்சன், “அப்பா பொய் சொல்ல மாட்டாவ மாமா” என்றான். முதல் தடவையாக அவன் குரலில் நடிப்பு இல்லை.

“உங்கப்பன் பொய் சொல்லல. பாட்டப் போடு.”

விஜிலா செல்போனில் பாட்டைப் போட்டு, மைக்கை அதன் பக்கத்தில் வைத்தாள். சோலோ தொடங்கியது. உச்சிக்கு ஏறுகிறதற்குச் சற்று முன்னால் ‘டிக்’ என்று சின்னச் சத்தம்.

“நிறுத்து. இது என்ன?”

“டிரம்ஸ் குச்சி தாத்தா” என்றாள்.

“முதல் கம்பி. அறுந்து என் கையில அடிச்சிது.”

நடந்ததைச் சொன்னேன். அன்று பாட்டை ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தோம். ஜன்னலுக்கெல்லாம் மெத்தை கட்டி, இரண்டே மைக் வைத்து, பாடுகிறவர்கள் ஆறு பேர், வாசிக்கிறவர்கள் ஐந்து பேர். ஒருத்தன் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பகல் பன்னிரண்டானால் கோயில் மணி அடித்துவிடும், பள்ளிக்கூடத்து ஹாலையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கம்பி அறுந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஜெரால்டு ஆர்மோனியத்திலிருந்து என்னைப் பார்த்தான். நிறுத்தாதே என்கிற பார்வை. நான் போக வேண்டிய ஸ்வரம் முதல் கம்பியில் இருந்தது, கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது கம்பியில் அதே ஸ்வரம் விரல் எட்டாத இடத்தில் கிடந்தது. எட்டின இடத்தில் விரலை வைத்து, இரண்டு விரலால் கம்பியை மேலே தள்ளினேன். தள்ளத் தள்ள ஸ்வரம் ஏறியது. கடைசியில் ஒரு நூல் குறையாக நின்றது. அதற்கு மேல் போனால் அதுவும் அறுந்துவிடும். அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பாட்டு முடிஞ்சதும் உங்கப்பன் சிரிச்சிக்கிட்டே என்ன சொன்னான் தெரியுமா? ‘கம்பி இல்லன்னா என்னலே, அடுத்த பாட்டுக்குத் தங்கூசிய மாட்டிக்க, கடக்கரையில அதுக்கா பஞ்சம்’ன்னான். கேலி பேசுனாம்லே. அத வீட்டுல வந்து சொல்லியிருப்பான். நீங்க நிஜமாக்கிட்டிய.”

விஜிலா தங்கூசியை அறுத்துப் போட்டுவிட்டு ஐந்து கம்பியோடு கிட்டாரை எடுத்தாள். எந்த இடம் என்று கேட்டாள். சொன்னேன். தள்ளினாள். “இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், எட்ட விடாத. அங்கனயே நில்லு.”

வந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்தச் சத்தம் அப்படியே வந்தது. எட்டாமல் நிற்கிற ஒரு நூலைக் கேட்கிறவன்தான் மனசுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஊர் இன்னும் அதைச் சுமக்கிறது. தங்கூசியாலும் இல்லை, மாமேதையாலும் இல்லை.

“ரெண்டு வருசமா முதல் கம்பியில வச்சித் தேடிட்டுக் கெடந்தேன் தாத்தா” என்றாள் அவள்.

ரெக்சன் தகப்பன் படத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “மன்னிச்சிருங்க மாமா. காலையில பேர மாத்திருதோம்.”

வீட்டுக்கு வந்து பிளாரன்ஸிடம் சொன்னேன். ஞாயிறு காலையில் அவளே எனக்கு வெள்ளை வேட்டி எடுத்துவைத்தாள். இரண்டாம் பூசைக்குச் சேர்ந்து போனோம்.

மண்டபத்து வாசலில் புது ஃப்ளெக்ஸ். முதல் இடத்தில் என் படம். வாக்காளர் அட்டையிலிருந்து பிடித்திருப்பார்கள் போலிருக்கிறது, திருடன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன். படத்துக்குக் கீழே ஒரே வரி. மூன்று தடவை படித்தேன்.

‘கிட்டார்: திரு. மனுவேல். கம்பி அறுந்தபோதும் கலங்காமல் தங்கூசியை மாட்டி வாசித்த மாமேதை.’

மண்டபத்துக்குள் பார்த்துக் கத்தினேன். “ரெக்சா!”

ஓடி வந்தான். “என்ன மாமா? பேர மாத்தியாச்சே. பெருசா போட்டிருக்கோம்.”

“தங்கூசி என்னத்துக்குலே இன்னும் கெடக்கு? நேத்து உன் கண்ணு முன்னாடி தட்டிக் காட்டுனேனே!”

அவன் குரலைத் தாழ்த்தினான். “மாமா, சனங்களுக்கு அதுதான் புடிச்சிருக்கு. வல, கடலு, கிட்டாரு... கேக்கவே நல்லாருக்குல்லா? போன்ல அந்தக் கதைய எவ்வளவு பேரு அனுப்பியிருக்காவ தெரியுமா? அஞ்சு கம்பின்னு போட்டா எவன் படிப்பான்?”

“நான் வலையத் தொட்டதே இல்லலே! வின்ச்சு ஓட்டுனவன்!”

“அதெல்லாம் யாரு பாக்கா மாமா?”

எனக்கு வேண்டியது என் பேர். நாற்பது வருஷம் கழித்து அது கைக்கு வந்தது, பொய்யைக் கட்டிக்கொண்டு வந்தது. ஜெரால்டின் பேரில் இருந்தபோது அவர்கள் சொன்ன பொய். இப்போது நான் பேசாமல் நின்றால் நான் சொன்ன பொய்.

“அந்த வரிய எடு.”

“பேரும் அதே வரியிலதான் இருக்கு மாமா. ஒண்ண எடுத்தா ரெண்டும் போயிரும்.”

“போகட்டும்.”

அவன் அசையவில்லை. பந்தலுக்குக் கயிறு அறுக்கிறவன் பக்கத்தில் நின்றான், அவன் கத்தியை வாங்கினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்த வரியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுத்து எடுத்தேன்.

“மாமா! கோயில் சொத்து!”

“எம் பேரு எஞ்சொத்துலே!”

முதல் பூசை முடிந்து வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. என் படம் மேலே முழித்துக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே நீளமாக ஓட்டை, ஓட்டை வழியே மண்டபத்துச் சுவர். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த பழைய ஆள் ஒருத்தர் வந்து, “என்ன வே மனுவேலு, தங்கூசியிலயா வாசிச்சீரு? எம் பேரன் போன்ல காட்டுனான்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பிளாரன்ஸ் முந்திக்கொண்டாள். “தங்கூசியில உம்ம பேரன வாசிக்கச் சொல்லும், பாப்போம். எங்க வீட்டு ஆளு அஞ்சு கம்பியில வாசிச்சாரு. பாட்டுல ‘டிக்’குன்னு கேக்கும், காத வச்சிக் கேளும்.”

அறுத்த துண்டைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நல்ல கெட்டித் துணி, எட்டடி நீளம். மொட்டை மாடியில் எழுத்துப் பக்கம் அடியில் போகும்படி விரித்து, பிளாரன்ஸ் நெத்திலி காயப்போட்டிருக்கிறாள்.