நூல் பிடித்து நிறுத்திய கத்திப்பட்டை

1974இல், பண்ணை ஏலத்தில் எடுத்த பழைய புல்வெட்டும் கருவியை எங்கள் டிராக்டரில் பொருத்தினேன். வலப்புறம் நீளும் ஐந்தடிக் கத்திப்பட்டையின் வெளிமுனை சற்று முன்தள்ளி நின்றது. எங்கள் ஊர் நல்லம்பள்ளியில் எங்கள் ஏர் போடும் சால்போல நேரான சால் வேறு கிடையாது. கோணலைப் பொறுக்காமல், நூல் கட்டி நானே பட்டையை நேராக்கினேன்.

மறுநாள் கம்பைநல்லூர்ச் சம்பந்தி பெரியண்ணன் வேடிக்கை பார்க்க வந்தார். அவர் கண்ணெதிரே கத்தி புல்லை அறுக்காமல் பிய்த்துப் போட்டது.

"எங்க வூட்டு எருமை இதவிடச் சுத்தமா மேயுமுங்க," என்றார்.

குடும்ப மானம் போகிறதே என்று மெக்கானிக் தாவூதை வரவழைத்தேன்.

"இத யாருங்க மாமா நேராக்குனது?"

"நான்தான்."

தாவூது சிரிப்பை அடக்கிக்கொண்டு, தள்ளி வரப்பில் நின்ற சம்பந்திக்குக் கேட்காதபடி சொன்னார். "ஓடறப்ப புல்லு முனையப் பின்னால தள்ளுமுங்க. நிக்கறப்ப ரெண்டு விரக்கடை முன்னால இருந்தாத்தான் ஓடறப்ப நேராவும்."

மரைகளைத் தளர்த்தி முனையை முன்னே தள்ளி முடுக்கினார். அடுத்த சுற்றில் புல் பாய் விரித்ததுபோல் சாய்ந்தது.

"அறுப்பு நல்லாருக்குதுங்க. பட்டைதான் கோணலா நிக்குது," என்றார், டிராக்டர் நின்றதும் கிட்டே வந்த சம்பந்தி.

"நிக்கறப்ப அப்படித்தாங்க இருக்கோணும். இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்," என்றேன்.

தாவூது குனிந்து ஸ்பானரைத் தேடத் தொடங்கினார். அது அவர் கையிலேயே இருந்தது.