பதினைந்தாவது கிண்ணத்தின் மூடி

கிட்டே வாருங்கள் செல்லங்களே, இன்னும் கிட்டே. ஒரு பெண் நூடுல்ஸ் சாப்பிட்ட கதை சொல்லப்போகிறேன். சாப்பிடுவதில் என்ன கதை என்று சிரிக்காதீர்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!

ஜப்பானில் மொரியோகா ஊரில் எங்கள் கடையில் ஒரு வாய் நூடுல்ஸுக்கு ஒரு கிண்ணம் என்று கணக்கு. கிண்ணம் காலியானதும் பரிமாறுகிறவள் அடுத்த வாயைக் கொட்டிவிடுவாள். போதும் என்று கத்திப் பயனில்லை. மூடியை எடுத்து மூட வேண்டும். அதற்குள் கொட்டிவிட்டால் அதையும் தின்றே ஆக வேண்டும். பதினைந்து சேர்ந்தால் ஒரு ஆள் சாப்பாடு.

இருபத்தாறு வருஷம் அப்படிக் கொட்டியவள் கியோனோ அக்கா. பரிமாறுகிற எங்களுக்கெல்லாம் தொழில் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். "வாயைப் பாக்காதீங்கடி, தொண்டையைப் பாருங்க. அது எறங்கினதும் கொட்டுங்க" என்பாள்.

இந்தக் கதை நடந்ததற்கு மூன்று வருஷத்துக்கு முன் குளிரில் அவள் விரல்கள் வெளுத்தன. பிறகு தோல் இறுகி, விரல்கள் மடங்க மறுத்தன. அப்புறம் சோறு நெஞ்சுக்குள்ளேயே நின்றது. தோலை இறுக்கிய நோயே உணவுக்குழாயையும் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். குழாய் அலைபோல அசைந்து சோற்றைக் கீழே தள்ள வேண்டும். அவளுக்கு அந்த அசைவு செத்துப்போயிருந்தது. வயிற்றின் மேல்வாசலும் சரியாக மூடாமல் புளிப்பு மேலேறியது. நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக மென்று, நடுநடுவே தண்ணீர் குடி. சாப்பிட்டதும் படுக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு கல்யாண விருந்தில் எல்லார் முன்னாலும் அடைத்துக்கொண்டு துப்பிவிட்டாள். அதன்பின் யாரோடும் சாப்பிடவில்லை. கடையின் பின்கட்டில் சுவரைப் பார்த்தபடி கஞ்சி குடிப்பாள்.

வருஷக் கடைசியில் கடையைக் கழுவி முடித்த மத்தியானம், முதலாளி ஓய்காவா எங்களை உட்காரவைத்து அவரே பரிமாறுவது வழக்கம். இரண்டு வருஷமாக வராத அக்கா அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தொமி, பதினஞ்சு சாப்பிடப்போறேன். இன்னிக்கு முடியலேன்னா இனிமே யார் முன்னாடியும் வாயைத் தொறக்க மாட்டேன்."

"வாம்மா மகாராணி!" முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டார். "நீ கொட்டக் கொட்டத் தின்னு முழிச்சேனே, இன்னிக்குப் பழி வாங்கறேன்!"

ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாரும் கைதட்டினோம். ஐந்தில் அக்கா கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கலாமென்று மூடியைத் தேடினாள். விரல் பிடிக்கவில்லை, மூடி வழுக்கி உருண்டது.

"மூடலையே! அப்போ இன்னும் வேணும்!" ஆறாவதைக் கொட்டினார் மனுஷர்.

விழுங்கினாள். அப்படியே நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்கட்டை நோக்கி எழுந்தாள்.

நான் முதலாளியிடமிருந்து நூடுல்ஸ் தட்டைப் பிடுங்கினேன். "தள்ளுங்க! கெணத்துல வாளி விடற மாதிரி கொட்டறீங்களே! அக்கா, உக்காரு. வெந்நி குடி. நிமிரு."

காத்திருந்தோம். அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. "போயிடுச்சு" என்றாள்.

அப்புறம் நான் அவள் தொண்டையை மட்டுமே பார்த்தேன். ஒரு வாய், ஒரு மிடறு வெந்நீர், காத்திருப்பு. தொண்டையில் இறங்கினால் போதாது. நெஞ்சிலிருந்தும் இறங்கிவிட்டது என்று அவள் கண் சொல்ல வேண்டும்.

"காலியானா உடனே கொட்டறதுதானே விதி?" முதலாளி முனகினார்.

"சீக்கிரம் திங்கணும்னு எந்த விதியில இருக்கு?" என்றாள் அக்கா. கடையே சிரித்தது.

ஒன்பது. பதினொன்று. பதினாலில் புளித்த ஏப்பம் வந்து கண் கலங்கியது. முதலாளி துண்டைக் கடித்துக்கொண்டார். பதினைந்து... இறங்கியது!

"தொமி, நான் மூடட்டும்னு சலுகை காட்டினேன்னா உங்கிட்டப் பேசமாட்டேன்" என்றாள்.

சரி என்று பதினாறாவதை ஓங்கினேன். அக்கா இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே மூடியை இடுக்கித் தூக்கினாள். டக்!

அடேயப்பா, நாங்கள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. ஒன்றரை மணி நேரம்! "நம்ம கடையிலயே மெதுவான சாப்பாடு!" என்று அழுதுகொண்டே பலகையில் எழுதினார் முதலாளி. கண்ணில் தூசியாம்.

அவள் படுக்கக் கூடாதே. நாங்களும் சாயங்காலம் வரை முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து சீட்டாடினோம். நோய் எங்கும் போகவில்லை. மறுநாளும் கஞ்சிதான். ஆனால் எங்கள் நடுவில் உட்கார்ந்து குடித்தாள்.

உங்கள் வீட்டிலும் உண்டது உண்டபடி இறங்கட்டும், கண்ணுகளே. மெதுவாகச் சாப்பிடுகிறவருக்காகக் காத்திருக்க எப்போதும் நாலு பேர் இருக்கட்டும்.