என்கிட்ட பேசுதே அத்தான்

“சத்தமே வரலப்பா” என்றார் அத்தான் போனில்.

“ஸ்பீக்கரைப் பாத்தீங்களா?”

“பாட்டு போட்டேன், ஜன்னலே அதிருது. உன் புரோகிராம்தான் வாயைத் திறக்க மாட்டேங்குது.”

புரோகிராமர் தன் கணினியில் அதே பட்டனை அமுக்கினான். “அடுத்தவர் வாங்க” என்றது அக்காவின் குரல், கணீரென்று.

“என்கிட்ட பேசுதே அத்தான்.”

“உன்கிட்ட பேசி என்ன பண்ண? நாளைக்குக் கவுண்டர்ல உக்காரப்போறது நீயா, உங்கக்காவா?”

அவன் அதே பட்டனை இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தான்.

அக்கா ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்தாள். தொண்டையில் ஆபரேஷன், அதன்பின் குரல் வராது என்று தெரிந்ததும் தம்பியின் அறைக்கு வந்து தங்கினாள். கவுண்டரில் தினமும் சொல்லும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக அவனுடைய மைக்கில் பேசிப் பதிவு செய்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனாள்; அது முடிந்ததும் ஊருக்கு, அத்தானிடமே திரும்பிவிட்டாள். வாக்கியத்துக்கு ஒரு பட்டன் என்று அவன் புரோகிராம் எழுதினான். நாளை மேனேஜர் முன்னால் அது வேலை செய்தால் அக்காவுக்குப் பழைய நாற்காலி. இல்லையென்றால் கீழ்த்தளத்தில் பழைய ஃபைல் அடுக்கும் அறை. “அங்க பேச ஆளே கிடையாது, உங்களுக்கு வசதி” என்றாராம் மேனேஜர். பதில் எழுத அக்கா பேனாவைத் தேடி எடுப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

மருத்துவமனைக் கணினிகளில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்; சோதித்துப் பார்க்க அத்தானும் வீட்டுக் கணினியில் அதையே போட்டிருந்தார். புரோகிராமை வெறுமனே அனுப்பினால் போதாது. எந்த ஃபைல் எங்கே போய் உட்கார வேண்டும், துணைக்கு வேறு என்னென்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டித் தர வேண்டும். அவனும் கட்டினான். நிறுவிப் பார்த்தான், நீக்கினான், மறுபடி நிறுவினான். ஒவ்வொரு முறையும் அக்கா பேசினாள். சோதனையெல்லாம் முடிந்த பிறகும், விளக்கு போடும் நேரத்தில் அந்தப் பட்டன்களை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த அறையில் வேறு குரல் இல்லை.

எல்லாம் அவன் கணினியில்தான். முன்பு ஆபீஸில் இருந்தபோது பக்கத்து சீட்டுக்காரனிடம், “உன் மெஷின்ல போட்டுப் பாருடா” என்று தள்ளிவிடுவான். கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபின் பக்கத்து சீட் என்று ஒன்று இல்லை. பக்கத்து நாற்காலியில் துவைத்த துணிதான் குவிந்து கிடந்தது.

வேறு கணினி வேண்டும். யாரிடம் கேட்பது? போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று கூப்பிடும் அளவுக்கு யாரும் அகப்படவில்லை.

கீழே ஜெராக்ஸ் கடை. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதைப் போகும்போதும் வரும்போதும் திரையைப் பார்த்து அறிந்து வைத்திருந்தான். கடைக்காரரைத்தான் அறிந்து வைக்கவில்லை.

“மாடி வீட்டுத் தம்பியா? உங்க செருப்புச் சத்தம்தான் எனக்குப் பழக்கம். முகத்தை இப்பதான் பாக்குறேன். பிரிண்டா?”

“இல்ல சார். உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டுப் பாக்கணும்.”

“வைரஸா?”

“எங்க அக்கா குரல்.”

 கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நிறுவினான். பட்டனை அமுக்கினான். இங்கேயும் சத்தம் இல்லை. என்ன தவறு என்று சொல்லும்படி கட்டளை கொடுத்ததும் திரையில் ஒரு வரி வந்தது: இந்த இடத்தில் ஃபைல் இல்லை. பக்கத்திலேயே அந்த இடத்தின் நீளமான முகவரி.

கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். “நடுவுல ஏதோ பேர் இருக்கே, யாரு அது?”

“நான்தான்.”

“என் கம்ப்யூட்டர்ல வந்து உங்க வீட்டைத் தேடுனா எப்படித் தம்பி கிடைக்கும்?”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். எழுதும்போது அவசரத்துக்குத் தன் சொந்த ஃபோல்டரையே காட்டியிருந்தான், பிறகு மாற்ற மறந்துவிட்டான். குரல் ஃபைல்கள் பேக்கேஜுக்குள் ஏறவே இல்லை. அக்காவின் குரலை இங்கேயே வைத்துக்கொண்டு, வெறும் பட்டன்களை அவளுக்கு அனுப்பியிருக்கிறான்.

மாடிக்கு ஓடினான். குரல்களை உள்ளே வைத்து, பாதையைத் திருத்தி, புதிதாகக் கட்டி எடுத்துவந்து கடையில் போட்டான்.

“அடுத்தவர் வாங்க.”

வாசலில் காத்திருந்த ஒரு அம்மாள் தன் பேப்பர்களோடு சட்டென்று முன்னே வந்தார். கடைக்காரர் சிரித்தார். “இந்தப் பொண்ணை இங்கேயே வேலைக்கு விட்டுடுங்க தம்பி.”

அத்தானுக்கு அனுப்பினான். “வந்துருச்சு” என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

மறுநாள் காலையிலிருந்து போனைப் பார்த்தபடியே இருந்தான். வேலை ஓடவில்லை. மத்தியானம் அக்காவின் எண் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து எழுத்துதான் வரும், அழைப்பு வந்ததில்லை.

“வணக்கம். என்ன உதவி வேணும்?” போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். பின்னால் குழந்தை அழுகிறது, யாரோ இருமுகிறார்கள். கவுண்டரேதான்.

“கவுண்டர் கிடைச்சிருச்சா?”

“ஆமாங்க.”

“மேனேஜர்கிட்ட என்ன சொன்ன?”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

சிரித்தான். இந்த அறையில் அவன் சத்தமாகச் சிரித்தது அவனுக்கே புதிதாகக் கேட்டது. மறுமுனையில் மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

“உங்க கூட யார் இருக்காங்க?”

வருகிற நோயாளிகளிடமெல்லாம் கேட்கிற கேள்வி. சோதிக்கும்போது எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான், பதில் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

“யாரும் இல்லக்கா” என்றான்.

மவுஸ் வெகுநேரம் எதையோ தேடியது. இருப்பதே கவுண்டர் வாக்கியங்கள். அவற்றில் ஒன்றை எடுத்தாள்.

“நாளைக்கு வாங்க.”

“லீவு கிடைக்கணுமே...”

“நாளைக்கு வாங்க.” அதே சுருதி, அதே அளவு. ஆனால் இந்த முறை பட்டனை ஓங்கி அமுக்கியது காதில் விழுந்தது.

“சரி, வரேன்.”

அவன் சொன்னதைக் கேட்டாளோ இல்லையோ, அங்கே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். இணைப்பு அறுந்தது.

பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிக்குவியலைக் கட்டிலில் கொட்டி, கசங்காத சட்டை ஒன்றைத் தேட ஆரம்பித்தான்.